கடலுக்குப் போகும் கூந்தலுக்குத் தொப்பியா, எண்ணெயா, ரெட்டைச் சடையா?

போன வாரம் கடலூரிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். அவள் மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மே மாதம் முழுக்கப் புதுச்சேரியில் எங்கள் வீட்டில் இருந்து கடலில் நீந்தக் கற்றுக்கொள்ளப் போகிறாள். பெண்ணுக்கு முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். “அண்ணி, தொப்பி வாங்கட்டுமா, எண்ணெய் தடவி அனுப்பினா போதுமா, இல்ல பேசாம தோளோட வெட்டி விட்டுடட்டுமா?” என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை, சொல்லத்தான் நிறைய இருந்தது. வெட்டுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூன்று வருஷமாக என் தலையிலேயே செய்து பார்த்துவிட்டேன்.

முதல் நாள் கதையிலிருந்து தொடங்குகிறேன். புதுச்சேரிக்குப் பக்கத்தில், செரினிட்டி பீச் என்று ஊர் முழுக்கச் சொல்லும் தந்திராயன்குப்பம் கடற்கரை. வழக்கமாகப் போடும் ஒற்றைப் பின்னல், நுனியில் ஒரு ரப்பர் பேண்ட். அதோடு இறங்கிவிட்டேன். நாலாவது அலையிலோ ஐந்தாவதிலோ ரப்பர் பேண்ட் போய்விட்டது. முக்கால் மணி நேரம் கழித்துக் கரையேறும்போது பின்னல் என்று ஒன்று இல்லை. பிடரிக்குக் கீழே பறவைக்கூடு மாதிரி ஒரு உருண்டை, அதற்குள் மணல், இரண்டு பாசித் துணுக்கு, போதாததற்குத் தாலிச் சங்கிலியும் சேர்ந்து முறுக்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மாமியார் என்னைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்து, பெட்டியில் கிடந்த பழைய பித்தளைச் சிணுக்கோலியை எடுத்து வந்தார். அதன் கூர் முனையால் ஒவ்வொரு சிக்காகக் குத்தி நெகிழ்த்தி எடுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம். உதிர்ந்த முடியைச் சுருட்டினால் எலுமிச்சை அளவுக்கு இருந்தது. “கடலுக்குப் போனியா, கம்பளி நெய்யப் போனியா?” என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு நான் உப்பைத்தான் குற்றம் சொன்னேன். உப்புக்கும் பங்கு உண்டு. பொதுவாக ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்பு இருக்கும். ஆறுகள் வந்து கொட்டுவதால் வங்காள விரிகுடாவில் அதைவிடக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முடி காயும்போது அந்த உப்பு பொடிப்பொடியாகப் படிந்து முடியைச் சொரசொரப்பாக்குகிறது, ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. ஆனால் நனைந்த முடியே பலவீனமான முடி என்பதுதான் அதைவிடப் பெரிய விஷயம். முடி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குடித்து ஊதும். அப்போது மேலே ஓட்டுச் செதில் போல அடுக்கியிருக்கும் தோல் தூக்கிக்கொள்ளும். இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும், அளவு மீறினால் அறுந்துவிடும். அந்த நிலையில் அலை அதை ஒன்றோடு ஒன்று தேய்த்துக்கொண்டே இருக்கிறது. நீச்சல்குளத்தில் குளோரின் இருக்கிறது, அலை இல்லை. கடலில் குளோரின் இல்லை, ஒவ்வொரு பத்து நொடிக்கும் ஒரு அலை இருக்கிறது. அதனால் குளத்துக்குச் சொல்லும் யோசனையை அப்படியே கடலுக்குத் தூக்கி வரக்கூடாது. கடலில் முதல் வேலை முடியை அசையாமல் கட்டி வைப்பது. நனையாமல் காப்பது இரண்டாவதுதான், அதுவும் முழுசாக நடக்காது.

வெட்டுவதைப் பற்றி ஒரே வரி: ஒரு மாத நீச்சலுக்காக ஒன்பது வருஷமாக வளர்ந்ததை வெட்ட வேண்டாம். அவளே கேட்டால் வெட்டிவிடுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

இனி தொப்பி. கடையில் மூன்று வகை கிடைக்கும். ரப்பர் பாலில் செய்யும் லேடெக்ஸ் தொப்பிதான் மலிவு. நான் முதலில் வாங்கியதும் அதுதான். மாட்டும்போது முடியைப் பிடுங்கும், கழற்றும்போது இன்னும் பிடுங்கும். அதைவிட, தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் இரண்டு மாதம் போட்டேன், ஓரத்தில் பிசுபிசுத்து ஒரு நாள் கையோடு கிழிந்து வந்தது. கடைக்காரர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று திட்டினேன். பாவம், அவர் மேல் தப்பில்லை. இயற்கை ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது, எண்ணெய் பட்டால் ஊறி நைந்துவிடும். எண்ணெய் தடவும் குடும்பத்தில் லேடெக்ஸ் தொப்பி வாங்குவது வீண் செலவு.

லைக்ரா துணித் தொப்பி அதற்கு நேரெதிர். மெத்தென்று இருக்கும், முடியைப் பிடுங்காது, தலைவலி வராது. தண்ணீர் மட்டும் சல்லடையில் போவது போல உள்ளே போகும். முடி நனையாமல் இருக்கும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம். கட்டிய முடி கலையாமல் இருந்தால் போதும் என்று வாங்கினால் நல்ல சாமான். எண்ணெயாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, வீட்டுத் துணியோடு அலசிப் போடலாம்.

சிலிக்கான் தொப்பிதான் நடுவில் நிற்பது. நீள முடிக்காரர்களுக்கென்றே பின்பக்கம் பை மாதிரி தொங்கும் ஒன்று வருகிறது, அதைத்தான் வாங்க வேண்டும். சாதாரண அளவை வாங்கினால் நம் கொண்டையின் மேல் சுண்டைக்காய் மாதிரி உட்கார்ந்துகொண்டு, முதல் அலையிலேயே கழன்று ஓடிவிடும். எனக்கு முந்நூற்றைம்பது ரூபாய் ஆனது. முந்நூற்றைம்பது ரூபாய்த் தொப்பியும் தண்ணீரை முழுக்கத் தடுக்காது. குளத்தில் பாதித் தலை உலர்ந்தே இருக்கும், கடலில் அலை அடிக்கிற அடியில் பிடரி வழியாகத் தண்ணீர் ஏறிவிடும். ஆனால் ஏறிய தண்ணீர் உள்ளேயே சும்மா நிற்கும், முடி ஆடாது. சிக்கு பாதிக்குப் பாதி குறைந்ததற்கு அதுதான் காரணம்.

கொண்டையை எங்கே போடுவது என்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். உச்சியில் போட்டால் தொப்பி மேலே மேலே நழுவும். பிடரிக்குச் சற்று மேலே, வட்டமாக, தோசை மாதிரி தட்டையாகச் சுற்ற வேண்டும். கொண்டை ஊசி கூடாது, சிலிக்கானைக் கிழித்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊசியும் இரண்டே நாளில் துருப்பிடிக்கும். தலை எண்ணெயாக இருந்தால் தொப்பி வழுக்கும், அதற்காக நெற்றி ஓரத்து முடியை மட்டும் எண்ணெய் இல்லாமல் விட்டுவிடுவேன்.

தொப்பிக்கு ஒரு நன்மை இருக்கிறது, அதற்கும் கூந்தலுக்கும் சம்பந்தமில்லை. கறுப்புத் தலை கடலில் தெரியாது. காலை ஆறு மணிக்கு ஃபைபர் படகுகள் கரை திரும்பும் நேரம். அலைக்கு நடுவில் மிதக்கும் ஒரு கறுப்புத் தலையைப் படகிலிருப்பவரால் பார்க்க முடியாது. ஆரஞ்சு நிறமோ பச்சை கலந்த மஞ்சளோ என்றால் தூரத்திலேயே தெரியும். கரையிலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கும் அது நிம்மதி. அழகாக இருக்கிறது என்று கடல் நீலத்தில் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் என் மாமியாரின் கட்சி ஒன்றுதான்: “தேங்கா எண்ணெய வெச்சுட்டு எறங்கு, உப்பு ஒட்டாது.” இது பாட்டி வைத்தியம் என்று தள்ளக்கூடியது அல்ல. 2003-ல் மும்பை ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவிக் கழுவி, எவ்வளவு புரதம் கரைந்து போகிறது என்று அளந்தார்கள். புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். நேரான சின்ன மூலக்கூறு, முடிக்குள்ளேயே நுழைந்துவிடும். நுழைந்த இடத்தில் தண்ணீருக்கு இடம் குறையும், முடி ஊதுவதும் குறையும். மற்ற இரண்டும் மேலே பூசிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். நல்லெண்ணெயை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. என் அனுபவத்தில் அது வாசனையும் பிசுக்கும் கூடுதல், கடலுக்கு வேண்டாம்.

ஆனால் உள்ளே நுழைவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். கடற்கரையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, பாட்டிலைக் கவிழ்த்துத் தலையில் தேய்த்துக்கொண்டு இறங்கினால், எண்ணெய் முடிக்குள் போவதற்கு முன்னாலேயே மணல் அதன் மேல் வந்து உட்கார்ந்துவிடும். நானே அப்படிச் செய்திருக்கிறேன். ரவை உருண்டை பிடித்த மாதிரி இருந்தது தலை. முந்தின ராத்திரி இரண்டு டீஸ்பூன் எண்ணெயை, காது மட்டத்திலிருந்து நுனி வரைக்கும் தடவினால் போதும். உச்சந்தலையில் வழிய விட்டால் தண்ணீருக்குள் கண்ணில் இறங்கி எரியும். எண்ணெய்க்குப் பதிலாகக் கண்டிஷனரைத் தடவிக்கொண்டு இறங்குகிறவர்கள் உண்டு. வழவழப்பு பத்து நிமிஷம் இருக்கும், பிறகு கடல் எடுத்துக்கொள்ளும்.

மாமியார் ஒத்துக்கொள்ளாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எண்ணெய் சிக்கைத் தடுக்காது. முடி அறுவதைக் குறைக்கும், சிக்கு எடுக்கும்போது வழுக்கிக் கொடுக்கும். முடியை அவிழ்த்து விட்டுக்கொண்டு இறங்கினால், எவ்வளவு எண்ணெய் வைத்திருந்தாலும் பறவைக்கூடு பறவைக்கூடுதான்.

தலையில் துண்டு கட்டிக்கொள்வது மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ கடலூர் தேவனாம்பட்டினத்திலோ மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஏறுகிறவர்களுக்குச் சரி. நீந்துகிறவர்களுக்கு ஆகாது. துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு ஒருபோதும் இறங்காதீர்கள், அலை அதைக் கழுத்தில் சுற்றிவிடும். முடியைக் கெடுக்கும் விஷயமில்லை அது, உயிர் போகும் விஷயம்.

கடைசியில் பின்னல். இதில்தான் என் மனசு மாறியது. ஒற்றைப் பின்னல் ஏன் தோற்றது என்று பிறகு யோசித்தபோது புரிந்தது. முதுகில் தொங்கும் ஒற்றைச் சடை தண்ணீருக்குள் கயிறு மாதிரி ஆடுகிறது. ஆடும் கயிற்றின் நுனியில் வேகம் அதிகம், குஞ்சம் மாதிரி விட்ட நுனி முடிதான் முதலில் சிக்காகிறது. அங்கே பிடித்த சிக்கு மேலே ஏறிக்கொண்டே வரும். கைவீசி நீந்தும்போது சடை அக்குளுக்குள் மாட்டி இழுக்கும், அது தனித் தொல்லை. வெறும் கொண்டையோ இரண்டு அலைக்குத் தாங்காது.

பியூட்டி பார்லரில் உச்சியிலிருந்தே முடி சேர்த்துச் சேர்த்துப் பின்னுகிறார்களே, பிரெஞ்சு பின்னல், அது நல்ல ஏற்பாடு. இந்த ஊரில் தெருப் பெயரிலிருந்து ரொட்டி வரைக்கும் பிரெஞ்சுதான், பின்னல் மட்டும் என்ன பாவம் செய்தது. நெற்றி முடியும் காதோர முடியும் பறக்காது. ஆனால் தனக்குத் தானே போட்டுக்கொள்ளக் கை வராது, காலை ஐந்தரை மணிக்குப் பார்லரும் திறந்திருக்காது.

அப்போதுதான் மாமியார் ஒரு நாள் என் தலையைப் பிடித்துத் திருப்பி, நடு வகிடு எடுத்து, இரண்டு பக்கமும் இறுக்கிப் பின்னி, மடித்துக் காது பின்னால் தூக்கி, ரிப்பன் வைத்துப் பூவாக முடிந்துவிட்டார். நாற்பது வயதில் பள்ளிக்கூடத்து ரெட்டைச் சடை! கரையில் சர்ஃபிங் பலகையோடு நின்ற பையன் ஒருவன், “அக்கா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, ஸ்கூல் லீவு” என்றான். சிரித்துவிட்டு இறங்கினேன். முக்கால் மணி நேரம், அதே கடல், அதே அலை. ஏறி வந்து பார்த்தால் இரண்டு சடையும் போட்டது போட்டபடி. அன்றைக்குச் சிக்கெடுக்க ஆனது பதினைந்து நிமிஷம். சிணுக்கோலி பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

யோசித்தால் அதில் அதிசயம் இல்லை. முடியை இரண்டாகப் பிரித்துவிட்டதால் ஒவ்வொரு சடையும் மெல்லிசு, எடை குறைவு. மடித்துக் கட்டியதால் நீளம் பாதி, ஆடுவதற்கு இடமே இல்லை. குஞ்சம் நுனி வெளியே இல்லை, வேரோடு சேர்த்துக் கட்டியாகிவிட்டது. ஒரு நாள் முழுக்க ஓடிக் குதித்து ஆடினாலும் கலையக்கூடாது என்று அம்மாக்கள் கண்டுபிடித்த ஏற்பாடு, அலைக்கும் தாங்குகிறது. பருத்தி ரிப்பன் நனைந்தால் இறுகிக்கொள்ளும், முடிச்சு நழுவாது. சாட்டின் ரிப்பன் வழுக்கும். ரப்பர் பேண்டை நேராக ஈர முடியில் போட்டால் போட்ட இடத்தில் அறுக்கும். ஒன்று மட்டும் கவனம்: பள்ளிக்கூடத்துக்குப் பின்னுகிற இறுக்கத்தில் பின்னக்கூடாது. நெற்றித் தோல் இழுபடுகிற அளவுக்கு இறுக்கினால், ஈரத்தில் நீளும் முடி வேரிலேயே விட்டுப்போகும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இறங்குவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இரண்டு லிட்டர் பாட்டிலில் நல்ல தண்ணீர் கொண்டுபோய், சடையைப் பிழியாமல் நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்தவனுக்கு விருந்து இறங்காத மாதிரி, நல்ல தண்ணீரைக் குடித்து ஊறிய முடி கடல் தண்ணீரை அவ்வளவு சீக்கிரம் உள்ளே இழுக்காது. காசு செலவில்லாத வழி இது, ஆனால் பத்தில் ஒருவர் செய்வதைக் கூட நான் பார்த்ததில்லை.

ஏறி வந்த பிறகும் அப்படித்தான். உப்போடு காய விடாதீர்கள். கரையில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டு, போட்டோ எடுத்து, வெயிலில் முடியை விரித்துக் காய வைத்துக்கொண்டு வீடு வருவதற்குள் பாதி சேதம் முடிந்திருக்கும். சின்ன வீராம்பட்டினம் ஈடன் பீச்சில் இந்த விஷயத்தில் வசதி: சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்று 2021-ல் கிடைத்த கடற்கரை அது, குளிக்க ஷவர், உடை மாற்ற அறை எல்லாம் இருக்கிறது. மற்ற இடங்களில் இன்னொரு பாட்டில் தண்ணீர்தான் வழி. சடையை அவிழ்க்காமல் அப்படியே அலசுங்கள், முதலில் மணல் போகட்டும். வீட்டில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் (கடலோரத் தெருக்களில் அதுதானே வருகிறது) கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி குடிதண்ணீர் எடுத்து வையுங்கள். கடல் உப்பைக் கழுவ போர் உப்பா?

செம்பருத்தி இலையைக் கசக்கினால் வரும் கொழகொழப்பைத் தடவிக்கொண்டு, அதற்குப் பிறகே சடையை அவிழ்க்க வேண்டும். செடி இல்லாதவர்களுக்குக் கண்டிஷனர். சிக்கு எடுப்பது நுனியிலிருந்து மேல் நோக்கி, அகலப் பல் சீப்பால் அல்லது விரலால். எண்ணெய் வைத்த தலைக்குச் சீயக்காய் கொஞ்சம் போதும். வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகிறவர்கள் மூன்று நாளும் ஷாம்பூ போட்டால், கடல் விட்டுவைத்ததை ஷாம்பூ எடுத்துக்கொள்ளும்.

ஆக, யாருக்கு எது என்றால், கடலூர் சில்வர் பீச்சில் இடுப்பளவு தண்ணீரில் குடும்பத்தோடு ஆடிவிட்டு வருகிறவர்களுக்கு ரெட்டைச் சடையும் ஒரு பாட்டில் தண்ணீரும் போதும், தொப்பிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அலையில் விழுந்து எழுந்து சர்ஃபிங் பழகுகிறவர்களுக்குச் சடையின் மேல் லைக்ரா தொப்பி. சிலிக்கான் அங்கே நிற்காது, என்னுடையது ஒன்றைக் கடல் ஏற்கெனவே வாங்கிக்கொண்டுவிட்டது. அலை தாண்டிப் போய்க் கரைக்கு இணையாக நீந்துகிறவர்களுக்கு, தலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருப்பதால், சடையின் மேல் நீளமுடி சிலிக்கான் தொப்பி, கண்ணைப் பறிக்கும் நிறத்தில். எண்ணெய் மூவருக்கும் பொது, முந்தின ராத்திரியே. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைக் கடலில் நீந்த யோசிப்பவர்களுக்கு முடியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, வீட்டிலேயே இருங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பாறை போட்ட பக்கமும் எந்த மாதமானாலும் குளிக்கிற இடம் இல்லை.

நேற்று நாத்தனாருக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். “அப்ப ஒண்ணும் வாங்கவே வேணாம் அண்ணி, ஸ்கூல் ரிப்பனே நாலு ஜோடி கிடக்கு” என்றாள் சந்தோஷமாக. பின்னாலிருந்து மருமகள் கத்துவது கேட்டது: “லீவுலயும் ரெட்டைச் சடையா? அத்தை, நான் வரல!”

போனை அவளிடம் கொடுக்கச் சொல்லி, மேலே ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறாளாம்.